மூன்று ஊசி போட்ட குட்டிகளுக்குப் பார்வோ: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் சின்னதாக ஒரு கால்நடை கிளினிக் நடத்துகிறேன். இங்கே எழுதுவது பார்வோ, அதாவது நாய்க்குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் கொடுத்துக் கொல்லும் வைரஸ் நோய் பற்றி, தை கடைசியிலிருந்து ஆடி வரை நடந்த விஷயம், அதில் என் தவறும் இருக்கிறது. குட்டிகளை வளர்த்தவரிடமும் வாங்கிய குடும்பத்திடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி, அவரிடம் சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்று. வியாபாரத்துக்காக நாய் வளர்க்கிறவர் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஈத்து விடுவார், தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார், அவ்வளவுதான். பெட்டைக்கு வருடம் தவறாமல் என்னிடம்தான் ஊசி. போன ஐப்பசியில், இணை சேர்ப்பதற்கு முன்னால், "தாய்க்குத் தெம்பு இருந்தாத்தான டாக்டர் குட்டிக்கு வரும்" என்று அவரே கேட்டு ஒரு ஊசி போட்டுக்கொண்டு போனார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பின்னால் நடந்ததற்கும் அந்தத் தெம்புதான் காரணம்.

தை கடைசியில் ஆறு குட்டிகள். ஐந்தாவது வாரத்தில் ஊரில் ஆடு மாடுகளுக்கு ஊசி போடுகிற ஒருவர் வந்து, டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோய்க்கும் பார்வோவுக்கும் மட்டுமான குட்டி ஊசியைப் போட்டிருக்கிறார். எட்டாவது வாரத்தில் அதே ஆள் ஏழு நோய் ஊசி போட்டார். பத்தாவது வாரத்தில் விவசாயி ஆறு குட்டிகளையும் ஒரு பெரிய கூடையில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார், மூன்றாவது ஊசியை நான் போட்டேன்.

அன்று சனிக்கிழமை சாயங்காலம், வாசல் வரை கூட்டம். என்னிடம் அப்போது இருந்த தடுப்பூசி கார்டில் பல நோய்க்கும் ஒன்றாகப் போடும் சேர்க்கை ஊசிக்கு மூன்று கட்டம், வெறிநாய்க்கடி ஊசிக்கு ஒரு கட்டம். மூன்றாவது கட்டத்தில் தேதி போட்டு, ஊசிப் புட்டியின் ஸ்டிக்கரை ஒட்டி, பக்கத்தில் "முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஆறு கார்டிலும். குட்டிக்கு எத்தனை வாரம் என்று வாயால் கேட்டேன், அவர் பத்து என்றார், அது என் காதில் விழுந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட கை அதைக் கேட்கவில்லை.

குட்டிகள் போன இடம்

ஒன்றை அவரே வைத்துக்கொண்டார். மூன்று குட்டிகள் தேனி, மேலூர், திருமங்கலம் என்று பிரிந்தன. மீதி இரண்டு, கருவாயன் ஆணும் செவலைப் பெட்டையும், மதுரையில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி குடும்பங்களுக்குப் போயின. அண்ணன் வீட்டில் கருவாயன், தம்பி வீட்டில் செவலை. அந்தக் காம்பவுண்டுக்கு அவர்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

முதல் இரண்டு வாரம் குட்டிகளை வராந்தாவிலேயே வைத்திருந்தார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாள். எதிர்சேவை பார்த்துவிட்டு வந்தவர்கள், ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிறவர்கள் என்று வராந்தா முழுக்க ஆள் படுத்திருந்ததால் குட்டிகள் பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு மாறின. "மூணு ஊசியும் போட்டாச்சு, இனி மண்ணுல விளையாடட்டும்னு நினைச்சோம்" என்று அண்ணன் பின்னால் சொன்னார். அவர் கையில் இருந்த கார்டு அப்படித்தானே சொல்லியது?

கவனித்தவை

அழகர் மலைக்குத் திரும்பிய வாரம், சனிக்கிழமை இரவு, கருவாயன் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. வயது 13 வாரம். ஞாயிறு காலை நுரை நுரையாக வாந்தி, மதியம் கழிச்சல். திருவிழா வீட்டில் கறிச்சோறு தின்றிருக்கும் என்று மோரும் மாதுளம் தோல் கஷாயமும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் பார்வோவாக இருக்குமோ என்று கேட்டதற்கு, கார்டை எடுத்துக் காட்டி, அது வராது என்று சொல்லியிருக்கிறார்கள். கழிச்சலில் ரத்தம் வந்தபிறகு, திங்கள் சாயங்காலம்தான் என்னிடம் வந்தார்கள். ஆக, நோய் தொடங்கி இரண்டு நாள்.

மேஜையில் வைத்ததும் வாடை சொல்லிவிட்டது. பார்வோக் கழிச்சலின் வாடையை ஒருமுறை மோந்தவர்கள் மறக்கமாட்டார்கள். தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது, ஈறு வெளுத்திருந்தது, காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல். மலத்தில் பார்க்கும் துரிதப் பரிசோதனையில் பார்வோ பாசிட்டிவ். ரத்தத்தில் வெள்ளை அணு 1,900. நல்ல நாய்க்கு 6,000க்குக் கீழே போகக்கூடாது. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசி போட்டால் சில நாள்களுக்கு அந்த ஊசிக்கிருமியே மலத்தில் வந்து பரிசோதனையைக் குழப்பும் என்பது உண்டு, ஆனால் நான் ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது, வெள்ளை அணுவும் இந்த அளவு இறங்கியிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லை.

அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், நீங்கதானே போட்டீங்க? அப்ப மருந்து டூப்ளிகேட்டா?"

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு சிகிச்சை. பார்வோக் கிருமியைக் கொல்கிற மருந்து என்று நம் கையில் வழக்கமாக எதுவும் இல்லை. குடல் உள்வரி உரிந்துபோகிறது, வெள்ளை அணு விழுகிறது, அந்த ஓட்டை வழியாகக் குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் வருகிறது, கூடவே நீரும் உப்பும் வெளியே போகின்றன. குட்டியின் உடம்பு தானே மீளும்வரை அதைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வேலை. ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புநீர் நரம்பு வழியாக, வாந்தியை நிறுத்த மாரோபிடன்ட், ஆன்டிபயாடிக், சர்க்கரை இறங்காமல் குளுக்கோஸ். இதை முன்பக்க அறையில் செய்ய முடியாது, நாளைக்கே அங்கே அடுத்த குட்டி வந்து நிற்கும். பின்னால் இருந்த ஸ்டோர் அறையைக் காலி செய்து அங்கே வைத்தோம், அந்த அறைக்கென்று தனிச் செருப்பு, தனி வாளி.

இரவு தங்கவைக்க எனக்கு ஆள் இல்லை. பகல் முழுக்க டிரிப், இரவு ஊசிக்குழலோடு வீட்டுக்கு, காலையில் திரும்ப வரவேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில் அதுதான் நடக்கக்கூடியதாகத் தெரிந்தது.

இரண்டாவது முடிவு செவலையைப் பற்றி. திங்கள் இரவு அது துள்ளிக்கொண்டு இருந்தது, ஆனால் கூடப்பிறந்ததோடு ஒரே மண்ணில் புரண்டது. நோய் தெரிவதற்கு முன்னாலேயே மலத்தில் கிருமி வர ஆரம்பித்துவிடும், அதனால் செவலைக்குள் ஏற்கெனவே போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். போகவில்லை என்றால் இன்றைக்குப் போடும் ஊசி சில நாளில் வேலை செய்யும், போயிருந்தால் ஊசியால் கூடுதல் கெடுதல் எதுவும் இல்லை. அன்றிரவே ஒரு டோஸ் போட்டேன். போடும்போதே தம்பியிடம் சொன்னேன்: "இது ரெண்டு மூணு நாள்ல படுத்துச்சுன்னா ஊசியாலன்னு நினைக்காதீங்க தம்பி, ஏற்கெனவே உள்ள இருந்தது வெளிய வருதுன்னு அர்த்தம். சோறு ஒருவேளை தள்ளினாலும் உடனே தூக்கிட்டு வந்துருங்க."

மூன்றாவது, மற்ற நான்கு குட்டிகளையும் தேடிப் பிடிப்பது. வளர்ப்பவரிடம் போன் எண்களை வாங்கி நானே பேசினேன்.

அடுத்து நடந்தது

செவ்வாயும் புதனும் கருவாயன் கொஞ்சம் தேறுகிற மாதிரிதான் இருந்தது. புதன் சாயங்காலம் தலையைத் தூக்கிப் பார்த்தது. இரவு பத்தரை மணிக்கு வீட்டுக்கு அனுப்பினேன். வியாழன் விடிகாலை நாலு மணிக்குப் போன் வந்தது. ராத்திரி குட்டி குழலைக் கடித்துப் பிடுங்கியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, கை கால் சில்லிட்டுவிட்டது. கிளினிக்குக்குக் கொண்டுவருவதற்குள் போய்விட்டது. பாட்டி ஒருவர் மட்டும் ஆட்டோவில் கூட வந்திருந்தார், மடியில் துண்டு விரித்து.

அதே வியாழன் காலை எட்டு மணிக்குத் தம்பி செவலையோடு வந்து நின்றார். ஒருவேளை சோறுதான் தள்ளியிருந்தது, ஒரு முறை வாந்தி. இங்கேதான் பரிசோதனை உதவாது. மூன்று நாள் முன்னால் நானே ஊசி போட்டிருக்கிறேன், பாசிட்டிவ் வந்தால் அது ஊசிக்கிருமியா தெருக்கிருமியா என்று அந்தப் பட்டை சொல்லாது. அதனால் ரத்தத்தைத்தான் நம்பினேன். வெள்ளை அணு 4,100, மறுநாள் 2,600. ஊசி போட்டதால் இப்படி விழாது. பார்வோ என்றே வைத்துச் சிகிச்சை தொடங்கினேன்.

இந்தத் தடவை வீட்டுக்கு அனுப்பவில்லை. என் உதவியாளரும் தம்பி வீட்டுப் பையனும் முறை வைத்து இரவு தங்கினார்கள். வாந்தி நின்ற சில மணி நேரத்திலேயே, அதாவது வெள்ளி இரவே, வேகவைத்த கோழியும் சோறும் குழைத்து ஒரு தேக்கரண்டி கொடுக்க ஆரம்பித்தோம். குடலுக்கு ஓய்வு என்று இரண்டு நாள் பட்டினி போடுகிற பழைய வழக்கத்தை விட்டு ரொம்ப நாளாகிறது. சீக்கிரம் தீனி கொடுத்தால் குடல் சீக்கிரம் தேறும். ஞாயிறன்று வெள்ளை அணு மேலே வந்தது. செவ்வாய் செவலை நடந்தே வீட்டுக்குப் போனது. அந்த ஆறு நாளுக்கு ஆன செலவு 14,000 ரூபாய்க்கு மேல். விட்டுப்போன ஒரு ஊசி சில நூறு ரூபாய்.

ஏன் இப்படி ஆனது

டூப்ளிகேட் என்ற சந்தேகத்தை முதலில் பார்த்தேன், ஏனென்றால் அது என் பெயரைத் தொடுகிற சந்தேகம். என் ஃபிரிட்ஜின் வெப்பநிலைக் குறிப்பேட்டை எடுத்து வைத்தேன். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அந்த மாதம் எந்த நாளும் எல்லை தாண்டவில்லை, கரண்ட் போன இரண்டு மதியமும் உள்ளே ஐஸ் பேக் இருந்தது. அதே பேட்ச் ஊசி போட்ட, வயதில் பெரிய வேறு குட்டிகள் யாருக்கும் ஒன்றும் இல்லை.

அப்புறம் முதல் இரண்டு ஊசிகள். வளர்ப்பவரிடம் நேரில் போய் உட்கார்ந்து கேட்டதில் வந்தது: எட்டாவது வாரம் ஆறு குட்டிக்கு மூன்று புட்டிதான் வாங்கியிருக்கிறார்கள். "சின்னக் குட்டிக்கு ஆளுக்குப் பாதி போதும்னு அந்தண்ணன் சொன்னாரு டாக்டர்." பொடியாக இருக்கும் புட்டியையும் திரவப் புட்டியையும் வீட்டிலேயே கலந்து, ஐஸ் போட்ட டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர் ஆட்டுப்பட்டியை முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிறார். தடுப்பூசியில் எடைக்கு ஏற்ற டோஸ் என்று ஒன்று கிடையாது, ராஜபாளையத்துக்கும் பொமரேனியனுக்கும் முழுப் புட்டிதான். கலந்த ஊசியை உடனே போட்டுவிட வேண்டும். ஆக, இரண்டாவது ஊசியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஆனால் மூன்றாவது என்னுடையது. முழு டோஸ், ஒழுங்கான குளிர், சரியான முறை. அதுவும் ஏன் பிடிக்கவில்லை?

தாய்தான் காரணம். குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்கு வருகின்றன. தாய்க்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறதோ அதற்கேற்ப. அந்த எதிர்ப்பு ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அது இருக்கும்வரை நாம் ஊசியில் போடும் வலுக்குறைந்த கிருமியையும் அதுவே பிடித்து அழித்துவிடும், குட்டியின் சொந்த உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. இதில் மோசமான கட்டம் கடைசியில் வருகிறது: தாயின் எதிர்ப்பு, தெருக்கிருமியைத் தடுக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் ஊசியைக் கெடுக்கிற அளவுக்கு இன்னும் இருக்கிறது. அந்த இடைவெளி ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்தில் வரும், இன்னொன்றுக்குப் பதினான்கில் வரும், ஒரே ஈத்தில்கூட மாறும், ஏனென்றால் எல்லாக் குட்டியும் ஒரே அளவு சீம்பால் குடிப்பதில்லை. நன்றாக ஊசி போட்டுப் பராமரித்த தாயின் குட்டிகளுக்கு அது தள்ளித்தான் வரும். நான் ஐப்பசியில் தாய்க்குப் போட்ட ஊசி நன்றாக வேலை செய்ததால்தான் பத்தாவது வாரத்தில் குட்டிக்குப் போட்டது வேலை செய்யவில்லை என்பதுதான் என் முடிவு.

அதனால்தான் உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி எத்தனை ஊசி என்று எண்ணிச் சொல்வதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்கட்டும் என்கிறது. அதையும் தாண்டி ஏதாவது ஒரு குட்டி தவறியிருந்தால் பிடிப்பதற்கு 26ஆவது வாரத்தையொட்டி இன்னொன்று. அதன்பிறகு பார்வோ, டிஸ்டெம்பர், ஈரல் நோய் தரும் அடினோவைரஸ் மூன்றுக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோவுக்குத்தான் வருடா வருடம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். கார்டில் நாலாவது கட்டம் இல்லை.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். கருவாயன் செத்த மறுநாள் எதிர்வீட்டு அம்மா வந்து சொன்னார், "அந்த வேப்பமரத்தடியிலதான தை மாசம் போன குடித்தனக்காரங்க குட்டியும் ரத்தமாப் போயி செத்துச்சு." பார்வோக் கிருமி நிழல் மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட இருக்கும். பினாயில், டெட்டால் எதற்கும் அசையாது. ப்ளீச்சுக்குத்தான் அடங்கும்: முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைக் கழுவிவிட்டு, கடையில் வாங்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடவேண்டும். சிமெண்ட் தரைக்கு அது சரி. மண்ணை என்ன செய்வது? மேல்மண்ணை வாரி அப்புறப்படுத்தி, கிளையைக் கழித்து வெயில் விழ வைத்தார்கள், அதற்கு மேல் வழியில்லை.

மற்ற குட்டிகள்

தேனிக் குட்டிக்கு அங்கிருந்த மருத்துவர் என் "முடிந்தது"வைப் பொருட்படுத்தாமல் 12ஆவது வாரத்தில் ஒன்று போட்டு, 16க்கு வரச்சொல்லித் தேதி எழுதியிருந்தார். மேலூர்க்காரர் மறுவாரமே வந்தார். திருமங்கலத்துக்காரர்தான், "முடிஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப மறுபடி வாங்கறீங்க, காசு பாக்கவா?" என்று கேட்டார். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது, காசு வேண்டாம் என்று சொல்லி வரவைத்தேன். வளர்ப்பவரிடம் இருந்த குட்டியையும் சேர்த்து நான்குக்கும் 16 வாரம் கடந்து ஒரு ஊசி போனது, எதற்கும் நோய் வரவில்லை.

செவலைக்குப் பார்வோவைப் பொறுத்தவரை நோயே எதிர்ப்பைக் கொடுத்துவிட்டது. ஆனால் டிஸ்டெம்பர், அடினோ, லெப்டோ பாக்கி இருக்கிறதே, அதற்காக 17ஆவது வாரத்தில் சேர்க்கை ஊசியும் அதோடு வெறிநாய்க்கடி ஊசியும் போட்டேன். பாட்டி அப்போது கேட்டார், "ஏழு நோய் ஊசின்னா வெறிநாய்க்கடியும் அதுல இருக்கும்ல?" நாங்கள் போடுவதில் இல்லை. அந்த ஏழு எப்படி வருகிறது என்றால், அடினோவைரஸ் ஒன்றையே ஈரல் நோய்க்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று என்று இரண்டாக எண்ணுவார்கள், லெப்டோவில் இரண்டு வகையை இரண்டாக எண்ணுவார்கள், கூட டிஸ்டெம்பர், பார்வோ, பாராஇன்ஃப்ளுயன்சா. ஒன்பது என்றால் இன்னும் கொஞ்சம் லெப்டோ வகை, ஒரு கொரோனா. அந்தக் கொரோனா மனிதர்களுக்கு வந்தது அல்ல, குட்டிகளுக்கு அதற்கான ஊசி தேவை என்று வழிகாட்டியும் சொல்வதில்லை. எண் பெரிதாக இருந்தால் நல்ல ஊசி என்று கேட்டு வாங்குகிறவர்கள் இங்கே நிறைய.

இப்போது மாற்றியவை

பழைய கார்டு மீதி முந்நூற்றுச் சொச்சம் இருந்தது, எடைக்குப் போட்டுவிட்டேன். புதுக் கார்டில் கட்டமே இல்லை, வரிசைதான்: தேதி, அன்றைக்குக் குட்டிக்கு எத்தனை வாரம், ஊசி ஸ்டிக்கர், அடுத்த தேதி. மேலே பெரிய எழுத்தில் "16 வாரத்துக்கு முன் முடியாது". "முடிந்தது" என்று எழுதுவதை அடியோடு விட்டுவிட்டேன். வெளியில் போட்டுவந்த ஊசிக்கு ஸ்டிக்கர் இல்லை என்றால் அதைப் போடாததாகவே வைத்துக் கணக்குப் போடுகிறேன், சிலர் முகம் சுளிக்கிறார்கள். வாந்தியோடு வரும் குட்டிக்கு ஊசி போட்டிருந்தாலும் பார்வோ பரிசோதனை உண்டு என்று உதவியாளருக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்டோர் அறை இப்போது தனி அறைதான், இரவு தங்க ஆள் ஏற்பாடு செய்யமுடியாத அன்றைக்கு, தங்கவைக்கும் வசதி உள்ள இடத்துக்கு முதல் நாளே அனுப்பிவிடுகிறேன். கருவாயனை அப்படி அனுப்பியிருக்க வேண்டும்.

மாற்றாதது ஒன்று: செவலைக்கு அன்றிரவு போட்ட ஊசி. மறுபடி அதே நிலை வந்தாலும் போடுவேன்.

ஆடி கடைசியில், 26ஆவது வாரத்துக்குச் செவலை வந்தது. மெலிந்த, நீண்ட கால், மேஜையில் நிற்காமல் இழுத்தது. கூடவே அண்ணனும் வந்திருந்தார், உசிலம்பட்டிக்காரர் அடுத்த ஈத்தில் ஒரு குட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறாராம், எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டார். 16 வாரத்து ஊசி முடிந்து இரண்டு வாரம் கழித்து, அதுவரை அங்கேயே இருக்கட்டும் என்றேன். புதுக் கார்டு ஒன்றை இப்போதே கொடுங்கள் என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.